அறியப்படாத தொண்டர் ஒருவரைப் பத்ம விருதுக்குப் பரிந்துரைப்பது எப்படி?

ஒவ்வோர் ஆண்டும் குடியரசு நாளுக்கு முந்தைய மாலையில் பத்ம விருதுப் பட்டியல் வெளியானதும், புகழ்பெற்ற நடிகருக்கும் தொழிலதிபருக்கும் விருது போகிறது, நம் ஊரில் வாழ்நாளெல்லாம் பிறருக்காக உழைத்தவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்ற பேச்சு எழுகிறது. அந்த ஆதங்கம் நியாயமானதுதான். ஆனால் அந்தத் தொண்டரின் பெயரை விருதுக் குழுவின் முன் வைக்க நம்மில் யாராவது முயன்றோமா என்ற கேள்வியையும் அத்துடன் சேர்த்துக் கேட்டாக வேண்டும். இந்தியக் குடிமகன் எவரும் எவரையும் பத்ம விருதுக்குப் பரிந்துரைக்கலாம் என்பதும், அதற்கு அமைச்சரின் சிபாரிசோ கட்சியின் தயவோ தேவையில்லை என்பதும் இன்னும் பலருக்குத் தெரியவில்லை. ஊரறிந்த, ஆனால் நாடறியாத ஒரு தொண்டரை மனத்தில் வைத்திருப்பவர்கள் அந்தப் பரிந்துரையை முறையாகச் செய்ய உதவுவதே இந்த வழிகாட்டியின் நோக்கம்.

முதலில் யார் தகுதியானவர் என்பதில் தெளிவு வேண்டும். பாரத ரத்னாவும் பத்ம விருதுகளும் 1954ஆம் ஆண்டு தொடங்கப்பட்டன. பத்ம விபூஷண், பத்ம பூஷண், பத்மஸ்ரீ என்னும் மூன்று படிகளும் இன்றைய பெயர்களை 1955 ஜனவரியில் பெற்றன. துறையில் சிறந்து விளங்குவது மட்டும் போதாது, அதற்கும் மேலான ஒன்று வேண்டும், அதில் பொதுத்தொண்டின் கூறு இருக்க வேண்டும் என்பது இவ்விருதுகளுக்கு அரசே வகுத்துள்ள நெறி. அந்த நெறியை அப்படியே ஏற்று நடந்தால், பொதுவாழ்வில் புகழ்பெற்றவர்களுக்கு விருது தருவதில் தவறு எதுவும் இல்லை. தம் தொழிலில் ஊதியமும் புகழும் பெற்றதற்கு அப்பால் அவர்கள் நாட்டுக்குச் செய்தது என்ன என்று மட்டும் பார்க்க வேண்டும். ஆயினும் இரு தரப்பும் தகுதியில் சமமாக நிற்கும் இடத்தில், அறியப்படாத தொண்டருக்கே முன்னுரிமை வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. புகழ்பெற்றவரின் பணியை நாடு ஏற்கனவே அறிந்திருக்கிறது. தொண்டரின் பணியையோ விருது ஒன்றுதான் பிற மாவட்டங்களுக்கும் மாநிலங்களுக்கும் காட்டி, அதைப் பின்பற்ற மற்றவர்களைத் தூண்ட முடியும்.

இது நடவாத காரியம் அன்று. மதுரைப் பகுதியில் களஞ்சியம் என்னும் பெண்கள் சேமிப்புக் குழுக்களை வளர்த்த சின்னப்பிள்ளைக்கு 2019இலும், ஆரஞ்சுப் பழம் விற்ற வருவாயைக் கொண்டு மங்களூரு அருகே தம் ஊருக்குப் பள்ளி அமைய உழைத்த ஹரேகலா ஹஜப்பாவுக்கு 2020இலும் பத்மஸ்ரீ கிடைத்தது. அயோத்தியில் உரிமை கோரப்படாத உடல்களுக்கு இறுதிச் சடங்கு செய்துவந்த மிதிவண்டிப் பழுதுபார்ப்பாளர் முகமது ஷெரீப்பும் 2020ஆம் ஆண்டுப் பட்டியலில் இருந்தார். நூறு வயதைக் கடந்தும் வயலில் இறங்கிய கோவை மாவட்டத்து இயற்கை விவசாயி பாப்பம்மாளுக்கு 2021இலும், பாம்பு பிடிப்பதில் தம் சமூகத்தின் மரபறிவை உலகறியச் செய்த இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இலும் அதே விருது வழங்கப்பட்டது. இவர்களில் எவரும் செல்வாக்கால் பட்டியலில் இடம்பெற்றவர் அல்லர்.

நீங்கள் நினைக்கும் நபர் விதிகளுக்கு உட்பட்டவரா என்று தொடக்கத்திலேயே பார்த்துவிடுங்கள். மருத்துவர்களும் அறிவியலாளர்களும் நீங்கலாக, அரசுப் பணியிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் பணியாற்றுபவர்கள் பத்ம விருதுக்குத் தகுதி பெறுவதில்லை. ஆகவே பணியில் இருக்கும் அரசுப் பள்ளி ஆசிரியர் எவ்வளவு அரிய தொண்டு செய்தாலும் ஓய்வுக்குப் பிறகே அவரைப் பரிந்துரைக்க முடியும். இறந்தவர்களுக்கு இவ்விருது பொதுவாக வழங்கப்படுவதில்லை, மிக அரிதான நேர்வுகளில் மட்டுமே விலக்கு உண்டு. முதுமையில் இருக்கும் தொண்டரைப் பற்றி ‘அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடக் கூடாது என்பதற்கு இந்த விதியே போதிய காரணம்.

தொண்டின் வகைக்கு வேறொரு விருது மிகவும் பொருந்துகிறதா என்பதையும் எண்ணிப் பாருங்கள். தம் உயிரைப் பணயம் வைத்து மற்றோர் உயிரைக் காப்பாற்றியவருக்கு ஜீவன் ரக்ஷா பதக்கம் இருக்கிறது. பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்குப் பிரதமரின் தேசிய சிறார் விருது உண்டு. தமிழ்நாட்டில் துணிவான செயல் புரிந்த பெண்களுக்குக் கல்பனா சாவ்லா விருதும், மத நல்லிணக்கத்துக்குப் பாடுபட்டவர்களுக்குக் கோட்டை அமீர் விருதும், பெண்கள் முன்னேற்றத்துக்கு உழைத்தவர்களுக்கு அவ்வையார் விருதும் உள்ளன. ஒரே ஒரு நாள் காட்டிய வீரத்தைப் பத்ம விருதுக்கு எழுதுவதைவிட, அதற்கென்றே உள்ள பதக்கத்துக்கு எழுதுவது பயன் தரும். பத்ம விருது நீண்டகாலப் பணியை எடைபோடும் விருது.

அடுத்தது தகவல் திரட்டல். பெரும்பாலான பரிந்துரைகள் வலுவிழப்பது இந்த இடத்தில்தான். புகழ்பெற்ற ஒருவரின் பணி, செய்திகளிலும் நூல்களிலும் ஏற்கனவே பதிவாகியிருக்கும். தொண்டரின் பணியோ அவரால் பயன்பெற்றவர்களின் நினைவில் மட்டுமே இருக்கும், அதை எழுத்தாக்கும் பொறுப்பு பரிந்துரைப்பவரைச் சேர்ந்தது. தொண்டரிடம் மட்டும் கேட்டால் போதாது. தம்மைப் பற்றிச் சொல்ல அவர் கூச்சப்படுவார், ஆண்டுகளைக் குழப்புவார், மிகப் பெரிய காரியத்தை ஒரு வரியில் கடந்துபோவார். பயன்பெற்றவர்கள், உடன் உழைத்தவர்கள், பள்ளித் தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர், மருத்துவமனைச் செவிலியர் என அந்தப் பணியைப் பல கோணங்களில் பார்த்தவர்களிடம் தனித்தனியே பேசுங்கள். பணி எந்த ஆண்டில் தொடங்கியது, எதனால் தொடங்கியது, இடையில் நின்றதா, பணம் எங்கிருந்து வந்தது, எத்தனை பேர் பயன்பெற்றார்கள், அந்த எண்ணிக்கைக்கு ஆதாரம் என்ன என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய வருகைப் பதிவேடு, ரசீதுப் புத்தகம், நாளிதழ் நறுக்கு, அலுவலகக் கடிதம், தேதியிட்ட புகைப்படம் ஆகிய எதையும் சிறிது என்று ஒதுக்க வேண்டாம்.

ஒருவர் சொன்ன எண்ணிக்கையை இன்னொருவர் மறுத்தால், குறைந்த எண்ணிக்கையையே எடுத்துக்கொள்ளுங்கள். பரிந்துரைக்கப்பட்டவரைப் பற்றி அரசு தன் வழியில் விசாரிக்கும், அப்போது ஒரு மிகைக் கூற்று பொய்யென்று தெரிந்தாலும் உண்மையான மற்ற கூற்றுகள் அனைத்தும் சந்தேகத்துக்கு உள்ளாகும். அதேபோல, ஒரு குழுவாகச் செய்த பணியைத் தனி ஒருவரின் பணியாக எழுதாதீர்கள். அவர் தொடங்கினாரா, வழிநடத்தினாரா, மற்றவர்கள் விலகிய பின்னும் தொடர்ந்தாரா என்று அவருடைய பங்கைப் பிரித்துக் காட்டுவது நேர்மையும் ஆகும், பரிந்துரைக்கு வலுவும் சேர்க்கும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நோயாளிகள், வன்முறைக்கு உள்ளான பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்குத் தொண்டு செய்தவரைப் பற்றி எழுதும்போது, பயன்பெற்றவர்களின் பெயரையும் படத்தையும் அவர்களுடைய சம்மதமின்றி இணைப்பது அவர்களுக்குச் செய்யும் தீங்கு.

தொண்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டுமா என்று பலர் தயங்குகிறார்கள். விதிப்படி அவருடைய எழுத்துப்பூர்வச் சம்மதம் தேவையில்லை, பட்டியல் வெளியாகும் முன் அரசே அவருடைய விருப்பத்தைக் கேட்டறியும். ஆனாலும் சொல்லிவிடுவதே முறை என்று நினைக்கிறேன். விளம்பரத்தை விரும்பாதவர்களும், விருது கிடைத்தால் தம் பணிக்கு இடையூறு வரும் என்று அஞ்சுபவர்களும் இருக்கிறார்கள், அவர்களுடைய மறுப்பை மதிக்க வேண்டும். சொல்லும்போது விருது உறுதி என்ற எண்ணத்தை மட்டும் ஏற்படுத்திவிடாதீர்கள். ஆண்டுதோறும் பல்லாயிரம் பரிந்துரைகள் குவிகின்றன. இறந்தவர்களையும் வெளிநாட்டினரையும் வெளிநாடுவாழ் இந்தியர்களையும் சேர்க்காமல், ஓராண்டில் வழங்கப்படும் பத்ம விருதுகள் 120க்கு மேல் போகக் கூடாது என்பது விதி.

பரிந்துரைகள் ராஷ்டிரிய புரஸ்கார் என்னும் அரசு இணையதளத்தின் வழியாக மட்டுமே ஏற்கப்படுகின்றன. அதில் உங்கள் பெயரில் பதிவுசெய்து, பத்ம விருதைத் தேர்ந்தெடுத்து, பரிந்துரைக்கப்படுபவரின் விவரங்களையும் அவருடைய துறையையும் நிரப்ப வேண்டும். கால எல்லை ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடியது: 2025ஆம் ஆண்டு விருதுகளுக்கு 2024 மே 1 அன்று தொடங்கிய பரிந்துரைக் காலம், 2026ஆம் ஆண்டு விருதுகளுக்கு 2025 மார்ச் 15 அன்றே தொடங்கிவிட்டது. எனவே தகவல் திரட்டும் வேலையை அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் முன்பே முடித்து வைத்துக்கொள்வது நல்லது. கடைசி நாளில் எழுதிய குறிப்பில் அவசரம் தெரிந்துவிடும்.

படிவத்தின் உயிர்நாடி, 800 சொற்களுக்கு மிகாமல் எழுத வேண்டிய விவரக் குறிப்பு. மேடைப் பேச்சில் பழகிய நம் கைக்கு இங்கே கட்டுப்பாடு வேண்டும். ‘தன்னலமற்ற தியாகச் செம்மல், ஏழைகளின் இதயத்தில் குடிகொண்டவர்’ என்று எழுதினால் சொற்கள் செலவாகுமே தவிர, படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது. மாறாக, ஓர் எடுத்துக்காட்டுக்குச் சொல்வதானால், ‘கூலி வேலை முடித்து வந்து, 2004 முதல் ஒவ்வொரு மாலையும் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் குழந்தைகளுக்குத் தம் வீட்டுத் திண்ணையில் பாடம் சொல்லித் தருகிறார், அங்கே படித்தவர்களில் 41 பேர் பத்தாம் வகுப்பைத் தாண்டியுள்ளனர், அதற்கு முன் அந்தக் குடியிருப்பில் பத்தாம் வகுப்பு முடித்தவர் எவரும் இல்லை’ என்று எழுதினால், பாராட்டுச் சொல் ஒன்றுகூட இல்லாமலே பாராட்டு அமைந்துவிடுகிறது. இதில் காலம், செயல், விளைவு, முன்பிருந்த நிலை ஆகிய நான்கும் இருப்பதைக் கவனியுங்கள். அவர் இல்லாதிருந்தால் அந்த ஊரில் எது நடந்திருக்காது என்ற கேள்விக்குக் குறிப்பின் முதல் பத்தியிலேயே விடை கிடைத்துவிட வேண்டும். வறுமையை விரிவாக வருணித்து இரக்கத்தைத் தேட வேண்டாம், அது தொண்டரின் பெருமையைக் குறைத்துவிடும். அவர் பட்ட துன்பம் பணியின் தன்மையை விளக்குமானால் மட்டும் ஓரிரு வரிகளில் சொல்லுங்கள். எழுதி முடித்ததும், தொண்டரை அறியாத ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லி, அவர் கேட்கும் கேள்விகளுக்கு ஏற்பத் திருத்துங்கள்.

அனுப்பிய பரிந்துரைகளை, பிரதமர் ஆண்டுதோறும் அமைக்கும் பத்ம விருதுக் குழு ஆராய்கிறது. அமைச்சரவைச் செயலாளர் தலைமையிலான அந்தக் குழுவில் உள்துறைச் செயலாளர், குடியரசுத் தலைவரின் செயலாளர், நான்கு முதல் ஆறு சான்றோர் ஆகியோர் இருப்பார்கள். குழுவின் பரிந்துரை பிரதமரிடமும் குடியரசுத் தலைவரிடமும் ஒப்புதலுக்குச் செல்லும்.

விருது கிடைத்தால் குடியரசுத் தலைவர் கையொப்பமிட்ட சான்றிதழும் பதக்கமும் தரப்படும், பணமுடிப்போ ரயில் கட்டணச் சலுகையோ கிடையாது. இதை ஊரில் உள்ளவர்களுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் பெரும்பணம் வந்துவிட்டதாக எண்ணி உதவி கேட்டு வருபவர்களால் தொண்டர் தவித்துப்போவார். பெயருக்கு முன்னால் ‘பத்மஸ்ரீ’ என்று சுவரொட்டி அடிக்கும் ஆர்வத்தையும் தடுக்க வேண்டும். பாலாஜி ராகவன் வழக்கில் 1995ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இவ்விருதுகள் அரசியலமைப்பின் 18ஆம் உறுப்பு தடைசெய்யும் பட்டங்கள் அல்ல என்று கூறியதோடு, அவற்றைப் பெயரின் முன்னோ பின்னோ சேர்க்கக் கூடாது என்றும் தெளிவாக்கியது.

கிடைக்காவிட்டால் மறு ஆண்டு மீண்டும் பரிந்துரையுங்கள். அனுப்பிய குறிப்பின் படியையும் ஆதாரங்களின் படிகளையும் ஒரு கோப்பில் வைத்திருந்து, அவ்வாண்டில் நடந்த பணியையும் புதிதாகக் கிடைத்த சான்றுகளையும் சேர்த்து, வலுவற்ற வரிகளை நீக்கி எழுதுங்கள். அதே கோப்பை மாவட்ட ஆட்சியர் குடியரசு நாளிலும் சுதந்திர நாளிலும் வழங்கும் பாராட்டுச் சான்றிதழுக்கும், மாநில விருதுகளுக்கும் பயன்படுத்தலாம். அவ்வாறு கிடைக்கும் ஒவ்வொரு சான்றும் அடுத்த பத்மப் பரிந்துரைக்கு ஓர் ஆதாரமாகச் சேரும்.