றோப் ஃபிஷ் வளர்க்கப் போறீங்களா? முதலில் மூடியைப் பாருங்கள்

மீன் வாங்கக் கடைக்குப் போகுமுன் தொட்டி மூடியைச் சரிபாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. நைஜீரியா, பெனின், கமரூன் பக்கம் மெதுவாக ஓடும் ஆறுகளிலும் புல் மண்டிய சதுப்புகளிலும் வாழ்கிற மீன் இது. விலாங்கு மாதிரி நீண்ட உடம்பு, ஆனால் விலாங்கு இனம் இல்லை. பகல் முழுக்க ஒளிந்து கிடந்து இரவில்தான் இரை தேடும். நுரையீரலும் இருப்பதால், உடம்பில் ஈரம் காயாதவரை தரையில் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும், அந்தத் துணிவில்தானோ என்னவோ வழி கிடைத்தால் வெளியே வந்துவிடும்.

இரண்டு விரல் போகிற ஓட்டை அதற்குத் தாராளம். ஃபில்டர் குழாய், வயர் போகிற இடங்களை ஸ்பொஞ்ச் வைத்து இறுக்கி அடையுங்கள், மூடி மேல் பாரம் வையுங்கள். ஆனால் காற்றே புகாதபடி மூடக்கூடாது, தண்ணீரை விளிம்புவரை நிரப்பவும் கூடாது. அது மேலே வந்து காற்றைக் குடித்தாக வேண்டும், முடியாமல் போனால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் சாகக்கூடும். தண்ணீருக்கும் மூடிக்கும் நடுவில் மூன்று அங்குல இடைவெளி விடுங்கள்.

வீட்டில் எல்லாருக்கும் இந்த மீனைக் காட்டி வையுங்கள். நம்முடைய வன்னிப் பக்கம் இரவில் தரையில் நெளிவதைக் கண்டால் கை பொல்லைத்தான் தேடும். தூர நின்று டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்: தலைக்குப் பின்னால் இரண்டு சின்னத் துடுப்பு, முதுகில் வரிசையாகக் குட்டித் துடுப்புகள் தெரிந்தால் மீன். சந்தேகமாக இருந்தால் கிட்டப் போகவே வேண்டாம், புடையனும் நாகமும் உலாவுகிற ஊர் இது. மீன்தான் என்று தெரிந்தால் கையை நனைத்துத் தூக்கித் தொட்டியில் விடுங்கள், எறும்பு மொய்க்குமுன்.

ஒரு அடிக்கு மேல் வளரும் என்பதால் நாலு அடி நீளத் தொட்டி வேண்டும், உயரம் அவ்வளவு முக்கியமில்லை. அடியில் கழுவிய மணல் போடுங்கள், கூரான கல் வேண்டாம். ஒளிய இரண்டு அங்குல பி.வி.சி. குழாய்த் துண்டு போதும், வெட்டிய விளிம்பைத் தேய்த்துவிடுங்கள்.

வன்னியில் ஹீட்டர் தேவையில்லை, வெக்கைதான் பிரச்சினை. 28 பாகைக்கு மேல் நாள்கணக்கில் போகவிடாதீர்கள். தகரக் கூரை வீடென்றால் மேற்குச் சுவரோரம் தொட்டியை வைக்காமல், மூடியின் ஒரு பகுதியை இறுக்கமான கம்பிவலையாக்கி அதன்மேல் ஃபான் காற்றுப் படவிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் சுண்ணாம்பாக இருந்தாலும் சமாளிக்கும், உவர்க் கிணறு வேண்டாம். குழாய்த் தண்ணீரென்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைத்து ஊற்றுங்கள். கரண்ட் போனால் மேலே வந்து மூச்சு எடுக்கும், ஆனால் ஃபில்டர் நிற்பதால் கழிவு சேரும், அன்று இரை போடாமல் கொஞ்சம் தண்ணீர் மாற்றிவிடுங்கள்.

சரி, சாப்பாடு. விளக்கை அணைத்த பிறகு மண்புழு, சின்ன இறால், மீன் துண்டு. கண் பார்வை மட்டு, மணத்தை வைத்துத்தான் தேடும், அதனால் மற்ற மீன்கள் பறித்துவிடாமல் குழாய் வாசலிலேயே போடுங்கள். வாழையடியில் தோண்டினால் புழு கிடைக்கும், சவர்க்காரத் தண்ணீர் ஓடுகிற கிணற்றடி வாழையையும் மருந்தடிக்கிற வயல் வரம்பையும் விட்டுவிடுங்கள். கப்பி மாதிரிச் சின்ன மீன்களைக் கூட விட்டால் அவையும் இரையாகும், கடித்துச் சண்டை பிடிக்கிற சிக்லிட் வகையும் ஆகாது. இன்னொரு றோப் ஃபிஷ் என்றால் நன்றாக ஒத்துப்போகும், ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கிடப்பதைப் பார்க்கவே ஆசையாக இருக்கும்.

வளர்க்க முடியாமல் போனால் கடைக்கோ வேறு ஆளுக்கோ கொடுங்கள். இரணைமடுவிலோ வவுனிக்குளத்திலோ பக்கத்து வாய்க்காலிலோ கொண்டுபோய் விடவே கூடாது. அங்கே நம் விலாங்கும் ஆரலும் இருக்கின்றன, வெளியூர் மீனோடு என்ன ஒட்டுண்ணி கூடப் போகும் என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.