ஆர்க்னியில் வீட்டையும் கல்லறையையும் ஒரே நாளில் பார்ப்பது எப்படி

ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஆர்க்னித் தீவுகளுக்குப் போனால், புதிய கற்கால ஊரான ஸ்காரா பிரேயை ஒரு நாளும் மேஸ்ஹோ கல்லறையை இன்னொரு நாளுமாகப் பிரித்து வைக்காதீர்கள். காலையில் வீடு, மதியம் கல்லறை. வரிசையும் மாறக்கூடாது. வீட்டு பிளான் போடுவது என் தொழில். மேஸ்ஹோவுக்குள் போய் நிமிர்ந்ததும், காலையில் பார்த்த வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டேனோ என்று தோன்றியது.

ஸ்காரா பிரேயில் 5,000 ஆண்டுப் பழைய வீடுகளை மேலே நின்றுதான் பார்க்க முடியும். அதனால் முதலில் வாசலருகே கட்டிவைத்திருக்கும் மாதிரி வீட்டுக்குள் குனிந்து நுழையுங்கள். நடுவில் கற்களால் சதுரமாகக் கட்டிய அடுப்பு. வலப்பக்கம் கல் கட்டில், இடப்பக்கம் அதைவிடச் சிறியதாக இன்னொன்று. வாசலுக்கு நேர் எதிரே கல் அலமாரி. இதை நோட்டில் போட்டுக்கொள்ளுங்கள். அளவு வேண்டாம், எது எந்தப் பக்கம் என்பது போதும். பிறகு அசல் வீடுகளில் 7ஆம் எண் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். அந்த வீட்டில் இரண்டு பெண்களைப் புதைத்திருந்தார்கள். வீடும் கல்லறையும் அங்கேயே ஒட்டிக்கொள்கின்றன.

மேஸ்ஹோவுக்குப் போகிற வழியில் பார்ன்ஹவுஸ் என்கிற இன்னொரு புதிய கற்கால ஊரில் கால்மணி நேரம் நில்லுங்கள். 1984இல் அந்த ஊரைக் கண்டுபிடித்த தொல்லியலாளர் காலின் ரிச்சர்ட்ஸ்தான் வீட்டுக்கும் கல்லறைக்கும் உள்ள ஒற்றுமையை விரிவாக எழுதியவர்.

மேஸ்ஹோவுக்கு முன்பதிவு கட்டாயம். இடைகழி சுமார் 10 மீட்டர் நீளம், ஒரு மீட்டர்கூட உயரமில்லை; முதுகை வளைத்தே நடக்கவேண்டும். உள்ளே நாலரை மீட்டர்ச் சதுர அறை. வழிகாட்டி, 12ஆம் நூற்றாண்டில் வைக்கிங்குகள் கிறுக்கிய எழுத்துகளைக் காட்டுவார். அதைக் கேட்டுக்கொண்டே நோட்டைத் திறங்கள். இடச் சுவரில் ஒரு பொந்தறை, வலச் சுவரில் ஒன்று, எதிர்ச் சுவரில் ஒன்று. கட்டில், கட்டில், அலமாரி! மூன்றும் அதே இடத்தில். பிறகு உங்கள் காலடியைப் பாருங்கள். அடுப்பு இல்லை. எனக்குத் தொண்டை அடைத்தது அங்கேதான். வீட்டை அப்படியே எடுத்து, நெருப்பை மட்டும் விட்டுவிட்டார்கள். குளிர்காலத்தின் மிகக் குறுகிய பகல்களையொட்டி மாலை வெயில் அந்த இடைகழி வழியே பின்சுவர் வரை வரும். அந்த நாட்களில் போக முடிந்தால் விடாதீர்கள்.

இன்னும் இரண்டு நாள் இருந்தால் இதைவிட முந்தைய ஜோடியைப் பாருங்கள். பாப்பா வெஸ்ட்ரே தீவில் நாப் ஆஃப் ஹோவர் வீடு: நீளவாக்கில் கட்டி, நட்டுவைத்த பலகைக் கற்களால் அறை பிரித்தது. ரௌசே தீவில் மிட்ஹோ கல்லறை: அதே தடுப்பு முறை, 23 மீட்டர் நீளத்துக்கு 12 பிரிவுகள்.

மேஸ்ஹோவில் இடம் கிடைக்காவிட்டால் க்யூவீன் குன்றில் இருக்கும் கல்லறைக்குப் போங்கள். அங்கே 24 நாய் மண்டையோடுகள் கிடைத்தன. தவழ்ந்துதான் உள்ளே போகவேண்டும். டார்ச்சும், அழுக்கானால் பரவாயில்லை என்கிற பேன்ட்டும் அவசியம்.