ஃபிலிம் காலத்து லென்ஸை இன்றைய கேமராவில் மாட்டுவது எப்படி

பழைய லென்ஸ் மேல் ஆசை வந்தவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எந்த லென்ஸ் வாங்கலாம்?" என்றுதான். நான் பதிலுக்குக் கேட்பது, "உங்களிடம் இருக்கும் கேமரா பாடி எது?" எவ்வளவு அருமையான லென்ஸாக இருந்தாலும் சென்சாரிலிருந்து அதற்குரிய தூரத்தில் நிற்க வேண்டும். அந்த இடம் கிடைக்காவிட்டால் தூரத்தில் இருப்பது எதுவும் தெளிவாக விழாது.

மவுன்ட்டின் (லென்ஸும் பாடியும் பொருந்தும் வளையம்) முகத்திலிருந்து ஃபிலிம் அல்லது சென்சார் வரை உள்ள அந்தத் தூரம் ஒவ்வொரு மவுன்ட்டுக்கும் நிரந்தரம். எஸ்எல்ஆர் கேமராவுக்குள், ஒளியை வ்யூஃபைண்டருக்குத் திருப்பும் கண்ணாடி (மிரர்) மேலே எழும்ப இடம் வேண்டியிருந்ததால் தூரம் அதிகம்: கேனன் எஃப்டி 42 மி.மீ., மினோல்டா 43.5, திருகு மவுன்ட்டான எம்42 45.46, ஒலிம்பஸ் ஓஎம் 46, நிக்கான் எஃப் 46.5. மிரர்லெஸ்ஸில் அந்தக் கண்ணாடியே கிடையாது. சோனி இ 18, கேனன் ஆர்எஃப் 20, நிக்கான் இசட் 16, ஃப்யூஜி எக்ஸ் 17.7, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ் 19.25. எம்42 லென்ஸை சோனியில் மாட்ட வேண்டுமென்றால் 45.46-இல் 18 போக மீதி 27.46 மி.மீ.; அந்த நீளத்துக்கு ஓர் உலோகக் குழாய் போதும். அடாப்டர் என்பது அவ்வளவுதான். உள்ளே லென்ஸ் கண்ணாடி எதுவும் தேவையில்லை, படத்தின் தரமும் குறையாது. மிரர்லெஸ் வைத்திருப்பவர்களுக்கு ஏறக்குறைய எல்லாப் பழைய எஸ்எல்ஆர் லென்ஸும் திறந்தே கிடக்கிறது.

டிஎஸ்எல்ஆர் (மிரர் உள்ள டிஜிட்டல் கேமரா) வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பார்த்து வாங்க வேண்டும். கேனன் இஎஃப் மவுன்ட் 44 மி.மீ. என்பதால் எம்42, நிக்கான் எஃப், ஓஎம் எல்லாம் ஒரு மெல்லிய வளையத்தோடு உட்காரும். கேனனின் சொந்தப் பழைய எஃப்டி லென்ஸும் மினோல்டாவும் உட்காராது, ஏனென்றால் அவை 42, 43.5; இரண்டும் 44-ஐவிடக் குறைவு. ஃபுல் ஃப்ரேம் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார்) கேனனில் இன்னொரு ஆபத்தும் உண்டு: சில லென்ஸ்களின் பின்பகுதி, ஃபோகஸை இன்ஃபினிட்டிக்கு (வெகு தூரத்துக்கு) திருப்பும்போது உள்ளே நீண்டு, எழும்பும் மிரரில் இடிக்கும். நிக்கான் எஃப் மவுன்ட் தூரம் அதிகம் என்பதால், அடாப்டரில் திருத்தும் கண்ணாடி இல்லாமல் எம்42 லென்ஸுக்கு இன்ஃபினிட்டி கிடைக்காது. அந்தக் கண்ணாடி பெரும்பாலும் படத்தைக் கெடுத்துவிடும். அப்படி மாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. 1977-க்கு முந்தைய, ஏஐ மாற்றம் (அபெர்ச்சர் வளையத்தைப் பிந்தைய பாடிகளுக்குப் பொருத்தும் திருத்தம்) செய்யாத நிக்கான் லென்ஸைப் பிந்தைய நிக்கான் பாடிகள் பலவற்றில் அழுத்தித் திருகினால் பாடியில் உள்ள சிறு நெம்புகோல் உடையலாம். பென்டாக்ஸ்காரர்களுக்கு மட்டும் யோகம்: 1975-இல் கே மவுன்ட்டைக் கொண்டுவந்தபோது எம்42-இன் அதே தூரத்தை அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

முதல் லென்ஸாக 50 மி.மீ. ஒன்றை வாங்குங்கள். 55, 58 என்றாலும் சரி. அந்தக் காலத்தில் கேமராவோடு சேர்த்தே விற்ற லென்ஸ் இது என்பதால் ஏராளமாகச் செய்தார்கள், நன்றாகவும் செய்தார்கள். பென்டாக்ஸின் சூப்பர் டாக்குமார் 55 எஃப்/1.8, ஒலிம்பஸின் ஸுய்க்கோ 50 எஃப்/1.8, மினோல்டா ரொக்கோர் 50 எஃப்/1.7, கேனன் எஃப்டி 50 எஃப்/1.4, ஹீலியோஸ் 44-2. இவற்றில் எது நல்ல நிலையில் கையில் சிக்குகிறதோ அதுவே நல்ல லென்ஸ். ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சாரில் 50 மி.மீ. லென்ஸ் 75 அல்லது 80 மி.மீ. போல நெருக்கமாகக் காட்டும். ஆளைப் படமெடுக்க அது அருமையான கோணம். "எனக்கு வைட் வேண்டும்" என்று பழைய 24 அல்லது 28-இல் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஏமாந்துதான் போகிறார்கள். எஸ்எல்ஆர் வைட் லென்ஸ் வடிவமைப்பு அன்று இன்னும் வளர்ந்துகொண்டிருந்த கலை. மூலைகள் குழையும்.

வாங்குமுன் கையில் எடுத்துப் பாருங்கள்

அபெர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி புகும் துளை; எஃப் எண் சிறிதானால் துளை பெரிது) முழுக்கத் திறந்து, லென்ஸின் பின்பக்கம் போன் டார்ச்சைக் கொஞ்சம் சாய்வாகப் பிடியுங்கள். முன்பக்கமிருந்து, ஒளி நேராகக் கண்ணில் படாத கோணத்தில் பாருங்கள். இப்படிப் பார்த்தால் எந்த லென்ஸிலும் தூசி தெரியும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெல்லிய வேர்கள் கிளைவிட்டுப் பரவியிருந்தால் அது பூஞ்சை. முற்றிவிட்டால் கண்ணாடி மேல் பூசிய, பிரதிபலிப்பைக் குறைக்கும் கோட்டிங்கையே அரித்துவிடும், துடைத்தாலும் தடம் போகாது. கண்ணாடி முழுக்க ஒரே சீராகப் பால் படர்ந்தது போலிருந்தால் ஹேஸ். வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும் படமெல்லாம் வெளுத்துவிடும். ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டுத் தெரிந்தால் ஒட்டிய இரண்டு கண்ணாடிகள் பிரியத் தொடங்கிவிட்டன என்று அர்த்தம். அதை வைத்துவிட்டு வந்துவிடுங்கள். முன் கண்ணாடியில் ஒரு கீறல் இருப்பதால் பெரிதாக ஒன்றும் ஆகாது. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் யோசிக்க வேண்டும். கண்ணாடிக்குள்ளேயே ஒன்றிரண்டு சிறு குமிழிகள் தெரிந்தால் அது வார்ப்பிலேயே வந்தது, படத்தைத் தொடாது.

அடுத்தது அபெர்ச்சர் இதழ்கள். பின்பக்கத்து ஊசியையோ நெம்புகோலையோ தட்டிவிட்டால் இதழ்கள் வெடுக்கென்று மூடித் திறக்க வேண்டும். இதழ்களில் எண்ணெய் மினுங்கினால் மந்தமாக நகரும். ஹீலியோஸ் 44-2 போன்ற ப்ரீசெட் லென்ஸில் இதழ்களைக் கையால்தான் மூடுகிறோம், ஆகவே அங்கே கொஞ்சம் எண்ணெய் இருந்தாலும் படத்துக்குக் கெடுதல் இல்லை. கடைசியாக ஃபோகஸ் வளையம். இந்த லென்ஸ்கள் எனக்கு இவ்வளவு பிடித்துப்போகக் காரணமே அந்த வளையம்தான்: பித்தளையும் அலுமினியமும் கிரீஸில் வழுக்கிச் சுற்றும் அந்த நிதானம், பாதிச் சுற்றுக்கும் மேலே போகும் அந்த நீளம். கட்டியாகிப்போன கிரீஸை மெக்கானிக் மாற்றித் தந்துவிடுவார். இடையில் ஓரிடத்தில் மட்டும் சிக்கினால் எதிலோ இடிபட்ட லென்ஸ், வேண்டாம்.

அடாப்டர் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

லென்ஸை மாட்டி லேசாக ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் படத்தின் ஒரு பக்கம் தெளிவாகவும் மறுபக்கம் மங்கலாகவும் விழும். நீங்களோ லென்ஸைக் குறை சொல்வீர்கள். உள்சுவர் பளபளத்தாலும் கெடுதல். பிரகாசமான வானத்தின் கீழ் எடுத்த படத்தில் கறுப்பு கறுப்பாக இல்லாமல் சாம்பல் பூத்திருந்தால், உள்ளே மென்மயிர்க் கறுப்புத் தாளை வெட்டி ஒட்டுங்கள். வித்தியாசம் உடனே தெரியும்.

இன்ஃபினிட்டி கிடைக்காமல் போய்விடக் கூடாதே என்று பெரும்பாலான அடாப்டர்களைக் கணக்கைவிட ஒரு மயிரிழை குட்டையாகவே செய்வார்கள். அதனால் வளையம் கடைசிவரை போய் முட்டும் இடம் இன்ஃபினிட்டியைத் தாண்டியிருக்கும். நிலாவையோ நட்சத்திரத்தையோ எடுக்கும்போது வளையத்தை முட்டவைத்து விட்டுவிடாமல், பெரிதாக்கிப் பார்த்து நிறுத்துங்கள். லென்ஸில் எழுதியிருக்கும் தூர அளவையும் நம்ப வேண்டாம்.

எம்42 லென்ஸ்களில் பலவற்றுக்கு ஆட்டோ, மேனுவல் என்று ஒரு சின்னச் சுவிட்ச் உண்டு, மேனுவலில் வையுங்கள். சுவிட்ச் இல்லாத லென்ஸென்றால் பின்னாலிருக்கும் ஊசியை அழுத்திப் பிடிக்கும் உள்விளிம்பு கொண்ட அடாப்டர் வேண்டும், இல்லாவிட்டால் எந்த எண்ணில் வைத்தாலும் அபெர்ச்சர் முழுக்கத் திறந்தே இருக்கும். கேனன் எஃப்டி அடாப்டரில் இதே வேலையைச் செய்ய ஒரு வளையம் இருக்கும். அதை மூடும் பக்கம் திருப்பிவிட்டுத்தான் அபெர்ச்சரை மாற்ற வேண்டும்.

கேமராவில் செய்ய வேண்டியது

மெனுவில் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்ற பொருளில் வரும் அமைப்பை ஆன் செய்யுங்கள். கேமராவைப் பொறுத்தவரை அங்கே லென்ஸே கிடையாது, அதனால் பல பாடிகள் படமெடுக்கவே மறுக்கும். பிறகு அபெர்ச்சர் ப்ரியாரிட்டி. அபெர்ச்சரை நீங்கள் வளையத்தில் திருப்ப, அதற்கேற்ற ஷட்டர் வேகத்தைக் கேமரா தானே தேர்ந்துகொள்ளும். பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ஃபோகல் லெங்த்தைக் கையால் பதிவு செய்ய வேண்டும். ஏபிஎஸ்-சி கேமராவாக இருந்தாலும் லென்ஸில் எழுதியிருக்கும் எண்ணையே போடுங்கள். 50-ஐ 75 என்று போட்டால் தேவைக்கு மேல் திருத்திப் படத்தை அசக்கிவிடும். ஆட்டோ ஐஎஸ்ஓ பயன்படுத்துகிறவர்கள் குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தையும் தாங்களே வைத்துக்கொள்வது நல்லது. 50 மி.மீ.க்கு 1/125 எனக்குச் சரியாக இருக்கிறது.

இனி ஃபோகஸ். இந்த வேலையில் பாதி அதுதான். ஓரங்களில் நிறம் பூசிக் காட்டும் பீக்கிங்கை எஃப்/5.6-க்கு மேலே நம்பலாம். அகலத் திறந்த நிலையில் அது புருவத்துக்கும் நிறம் பூசும், காதோரத்துக்கும் நிறம் பூசும். எது உண்மையில் கூர்மை என்று சொல்லாது. அதனால் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியைக் கட்டைவிரல் போய் விழும் பட்டனுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். படமெடுக்கப்போகும் அபெர்ச்சரிலேயே ஃபோகஸ் செய்யுங்கள். அகலமாகத் திறக்கும் பழைய லென்ஸ்கள் சிலவற்றில் எஃப்/1.4-இல் பிடித்த ஃபோகஸ் எஃப்/2.8-க்கு மூடும்போது மெல்லப் பின்னால் நகர்ந்துவிடும்.

எஃப்/1.8-இல் ஒரு முகம் என்று வைத்துக்கொள்வோம். கேமராவுக்கு அருகிலிருக்கும் கண்ணைப் பெரிதாக்குங்கள். வளையத்தை மெல்லத் திருப்பினால் இமைமயிரைச் சுற்றிப் புகைபோல ஒரு படலம் தெரியும். திருப்பத் திருப்ப அது சுருங்கி, ஒரு கட்டத்தில் மயிர் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். அங்கே நிறுத்தாமல் இன்னும் கொஞ்சம் தாண்டிப் போய், மறுபடி மங்கத் தொடங்கியதும் திரும்பி வாருங்கள். இரண்டு மங்கலுக்கும் நடுவில்தான் கூர்மை. அதன் பிறகு வளையத்தைத் தொட வேண்டாம். எதிரே இருப்பவர் மூச்சுவிடும் அசைவுக்கே கண் விலகிப்போகும். அதற்கு நீங்கள் இடுப்பிலிருந்து லேசாக முன்னும் பின்னும் சாய்ந்தால் போதும், வளையத்தைத் துரத்துவதைவிட இது விரைவு. அந்தப் புகைப்படலம் முழுவதும் மறையாது. தோலில் விழும் அந்த மென்மைக்காகத்தானே இந்த லென்ஸை எடுத்தோம். கூர்மைதான் வேண்டுமென்றால் எஃப்/4-க்கு மூடுங்கள். நல்ல 50 மி.மீ. எதுவும் அங்கே இன்றைய சென்சாருக்கு ஈடு கொடுக்கும்.

ஹீலியோஸின் சுழலும் பின்னணியைக் கேட்டு வருகிறவர்கள் பலர். ஸைஸ் பயோட்டார் 58 எஃப்/2-இன் வடிவமைப்பிலிருந்து பிறந்த லென்ஸ் அது. ஓரங்களில் ஒளிவட்டம் பூனைக்கண்போல் நெரிந்து, மையத்தைச் சுற்றி வரிசைகட்டி நிற்பதுதான் சுழல். எஃப்/2-இல் மட்டுமே முழுதாக வரும். ஆள் அருகிலும், பின்னணி பல மீட்டர் தள்ளியும் இருக்க வேண்டும். பின்னணியில் இலைகளுக்கிடையே வெளிச்சம் பொத்தல் பொத்தலாக வர வேண்டும். வெறும் சுவருக்கு முன்னால் எந்த ஹீலியோஸும் சுழலாது. ஏபிஎஸ்-சியில் ஓரம் வெட்டுப்படுவதால் பாதிச் சுழல்தான் மிஞ்சும்.

எதிர்வெளிச்சத்தில் ஹுட் (லென்ஸின் முன்னால் மாட்டும் நிழல் தடுப்பு) இல்லாமல் எடுக்காதீர்கள். ஸைஸில் அலெக்சாண்டர் ஸ்மக்குலா 1935-இல் கண்டுபிடித்த கோட்டிங்தான் இதற்கெல்லாம் தொடக்கம். பென்டாக்ஸின் பல அடுக்கு எஸ்எம்சி கோட்டிங் வந்தது 1971-இல். இடைப்பட்ட காலத்து லென்ஸ்களில் பெரும்பாலும் ஒரே அடுக்குதான், ஆகவே பக்கவாட்டிலிருந்து வரும் ஒளியையும் வாங்கிக்கொள்ளும். ஃபிலிமைவிட சென்சார் அதிகம் பிரதிபலிப்பதால் ஒளி லென்ஸின் பின் கண்ணாடிக்குத் திரும்பிப்போய் மீண்டும் வரும். எஃப்/11, எஃப்/16-இல் படத்தின் நடுவே வெளுத்த வட்டம் தெரிந்தால் இதுதான் காரணம். அபெர்ச்சரைத் திறந்தால் போய்விடும். ஹுட் போட்டும் கான்ட்ராஸ்ட் குறைவாக இருந்தால் கவலை இல்லை, எடிட்டிங்கில் கறுப்பை மட்டும் கீழே இழுங்கள். உச்சிவெயில் படங்களில் இந்தக் குறைந்த கான்ட்ராஸ்ட் நிழலுக்குள் இருப்பதைக் காப்பாற்றித் தருவதை நான் பெரிய வரமாகவே நினைக்கிறேன்.

ரேஞ்ச்ஃபைண்டர் (உள்ளே மிரர் இல்லாத பழைய வகைக் கேமரா) லென்ஸ்கள் தனிக் கதை. எல்39 திருகு, லைக்கா எம் இரண்டையும் மிரர்லெஸ்ஸில் மாட்டலாம். 50-க்கு மேலே நன்றாகவே இருக்கும். 35-க்குக் கீழே போனால் ஒளி மிகச் சாய்ந்து சென்சாரில் விழுந்து, மூலைகளில் குழைவும் நிறப்படலமும் வரும். ஜூப்பிட்டர்-12 போன்றவற்றின் பின் கண்ணாடி உள்ளே ஆழமாக நீண்டிருக்கும். அது உங்கள் பாடியில் எதிலும் இடிக்காது என்று உறுதி செய்யாமல் திருகாதீர்கள்.

டாக்குமார் 50 எஃப்/1.4 மஞ்சளாக இருந்தால் பயந்து விற்றுவிட வேண்டாம். ஒளிவிலகலைக் கூட்டத் தோரியம் என்ற கதிரியக்கத் தனிமம் கலந்த கண்ணாடி அது, காலப்போக்கில் பழுப்பேறும். புற ஊதா எல்இடி விளக்கின் கீழ் மறுபக்கம் அலுமினியத் தாளை வைத்துச் சில நாள் விட்டால் பெருமளவு தெளியும். வெயிலில் வைப்பவர்களும் உண்டு, ஆனால் மூடாத லென்ஸ் சூரியனைக் குவித்துத் தீ வைத்துவிடும் என்பதால் நான் விளக்கைத்தான் சொல்வேன். கதிரியக்கம் சிறிதளவே, கேமராவில் மாட்டிப் பயன்படுத்தலாம். கண்ணாடியைத் தேய்ப்பதோ உடைப்பதோ கூடாது.

வைக்கும்போது பழைய தோல் உறையை விட்டுவிடுங்கள். அது ஈரத்தை வாங்கிப் பூஞ்சையை வளர்க்கும். மூடி இறுகும் பெட்டியில் சிலிக்கா ஜெல்லும் ஒரு ஈரப்பதமானியும் போட்டு 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். பூஞ்சை கண்ட லென்ஸை, சுத்தம் செய்த பிறகும், மற்றவற்றோடு சேர்க்காமல் தனிப் பெட்டியில் வையுங்கள்.