குள்ள மீன்கொத்திக்குக் காது கொடுங்கள்

காட்டுக்குள் குள்ள மீன்கொத்தியைத் தேடப் போகிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதை முதலில் விட வேண்டும். அலகோடு சேர்த்தே சுமார் 13 செ.மீ.தான் இருக்கும். ஓடைக்கு மேல் நீண்டிருக்கும் வேரிலோ கொடியிலோ, முழங்காலுக்கும் நெஞ்சுக்கும் இடைப்பட்ட உயரத்தில் உட்கார்ந்திருக்கும். மஞ்சள் வயிறு, கருநீல முதுகு, செக்கச்சிவந்த அலகு என்று படத்தில் பார்த்தால் எங்கிருந்தாலும் கண்ணில் பட்டுவிடும் போலிருக்கும். நிழலுக்குள் அது பழுத்த இலை மாதிரிதான் தெரியும்.

அதனால் நான் காதைத்தான் நம்புகிறேன். பறக்கும்போது ‘ச்சீ’ என்று ஊசி போல ஒரு விசில் அடிக்கும். சில்வண்டுகள் கத்தத் தொடங்கினால் அது காதில் விழாது, விடிந்ததும் காட்டுக்குப் போய்விடுங்கள். சத்தம் வந்ததும் பின்னால் ஓடாதீர்கள். ஓடையை ஒட்டித் தாழ்வாக, அம்பு போல நேராகப் போகும். பெரும்பாலும் அதே வழியில் திரும்பும்.

அது போன திசையில் கற்களைப் பாருங்கள். தாழ்ந்த குச்சி ஒன்றுக்கு நேர் கீழே வெள்ளை எச்சம் தெறித்திருந்தால், அது அடிக்கடி வந்து உட்காரும் இடமாக இருக்கலாம். பத்துப் பதினைந்து அடி தள்ளி, மரத்தில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். ஒரு மணி நேரம் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அட்டைக்கு நீண்ட காலுறை இல்லாமல் அவ்வளவு நேரம் அசையாமல் இருக்க முடியாது. தொலைநோக்கியில் பத்து மடங்கு பெரிதாக்கும் 10×42ஐ விட எட்டு மடங்கு பெரிதாக்கும் 8×42 நல்லது; அந்த மங்கல் வெளிச்சத்தில் படம் தெளிவாக இருக்கும். வந்தமர்ந்த பறவையைத் தலையசைப்புதான் காட்டிக்கொடுக்கும்: உடம்பு அப்படியே இருக்க, தலை மட்டும் மேலும் கீழும் ஆடும்.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் அரபிக் கடலுக்கும் இடையிலான கொங்கண் பகுதிக்கு இது தென்மேற்குப் பருவமழையோடு, ஜூன் வாக்கில் கூடு வைக்க வருகிறது. மண்சரிவில் ஒரு மீட்டர் வரை வளை தோண்டும். அந்த நேரத்தில் அலகில் இருக்கும் இரையை உற்றுப் பாருங்கள். அரணையின் தலை வெளிப்பக்கம் நீட்டியிருந்தால் அது குஞ்சுக்கு, உடனே பின்வாங்குங்கள்.

இதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். ஒருமுறை வளை பக்கத்திலேயே இருப்பது தெரியாமல் உட்கார்ந்துவிட்டேன். அரணையைக் கவ்வியபடி வந்த பறவை எதிர்க் கொடியில் அமர்ந்து தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம். அரணையின் வால் துடிப்பது நின்று, தொங்கிப் போனது. எனக்காகத்தான் போஸ் கொடுக்கிறது என்று நினைத்து மகிழ்ந்துகொண்டிருந்தேன். கால் மரத்துப் போய் எழுந்து ஓடையின் வளைவு வரை நடந்து திரும்பிப் பார்த்தால், அது மண்ணுக்குள் நுழைந்து மறைந்தது. உள்ளே குஞ்சுகள் அத்தனை நேரம் பசியோடு இருந்திருக்கின்றன.

வளையைக் கண்டால் அந்த வளைவுக்கு இப்பால்தான் இனி என் இடம். நீங்களும் அந்த அளவு தள்ளியே இருங்கள். ஃபிளாஷ் வேண்டாம், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டு அழைக்கவும் வேண்டாம்.