குளிர் அயனிகள்: ஹோப் ஸ்பெக்ட்ரோகிராமைப் படிப்பது எப்படி?

பூமியின் உள் காந்தக்கோளம், அதாவது பூமியைச் சூழ்ந்து அதன் காந்தப்புலம் ஆளும் வெளியின் உட்பகுதி, என்றதும் வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அங்கே எண்ணிக்கையில் மிகுந்திருப்பவை ஓரிரு எலெக்ட்ரான் வோல்ட் (எ.வோ.) ஆற்றல்கூட இல்லாத குளிர்ந்த அயனிகள். அவற்றை அளப்பது கடினம். அளக்கப் போகும் செயற்கைக்கோளே அளவைக் குழப்பிவிடும்! அந்தக் குழப்பத்தை அடையாளம் காணத் தெரிந்துகொண்டால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

படி 1: தரவை எடுங்கள்

நாசாவின் இரட்டைச் செயற்கைக்கோள்களான வான் ஆலன் ப்ரோப்ஸ் 2012 ஆகஸ்ட் 30 அன்று ஏவப்பட்டு, 2019 வரை இயங்கின. அவற்றில் இருந்த ஹோப் கருவி ஹைட்ரஜன், ஹீலியம், ஆக்சிஜன் அயனிகளைத் தனித்தனியாகப் பிரித்து, சுமார் 1 எ.வோ. முதல் 50,000 எ.வோ. வரை அளந்தது. நாசாவின் சிடிஏவெப் தளத்தில் எல்லாம் இலவசம். நிரல் எழுதத் தெரிய வேண்டாம், பிரவுசர் போதும். அங்கே ப்ரோப் ஏ, ஹோப், மூன்றாம் நிலைத் தரவைத் தேர்ந்தெடுங்கள். தேதி 2015 மார்ச் 17. அன்று வீசிய காந்தப்புயலில், புயலின் வலிமையைக் காட்டும் டிஎஸ்டி குறியீடு -200 நானோடெஸ்லாவுக்கும் கீழே போனது.

படி 2: வரையுங்கள்

ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டுக்கும் எல்லாத் திசைகளின் பாயத்தையும் (வந்து விழும் அயனிகளின் அளவு) சேர்த்துக் காட்டும் படத்தைக் கேளுங்கள். இதுதான் ஸ்பெக்ட்ரோகிராம். கிடையாக நேரம், செங்குத்தாக ஆற்றல் (மடக்கை அளவில்), நிறம் பாயத்தைக் குறிக்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 9 மணி நேரம் என்பதால், ஒரே நாளில் ஒத்த அமைப்பு திரும்பத் திரும்ப வரும்.

படி 3: அடிவரிசைகளைச் சந்தேகியுங்கள்

சரி, இப்போதுதான் முக்கியமான வேலை. வெயில் படும் செயற்கைக்கோளிலிருந்து ஒளி எலெக்ட்ரான்களைப் பிடுங்கிவிடுவதால், அதன் உடல் பெரும்பாலும் சில வோல்ட் நேர்மின்னழுத்தத்தில் இருக்கும். +5 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 3 எ.வோ. புரோட்டான் (ஹைட்ரஜன் அயனி) கருவியை எட்டவே எட்டாது. 8 எ.வோ. புரோட்டான் 3 எ.வோ. என்று பதிவாகும். அதனால் படத்தின் அடியில் வெறுமையாகத் தெரிந்தால், அங்கே அயனிகளே இல்லை என்று எழுதிவிடாதீர்கள்.

பூமியின் நிழலுக்குள் போகும்போது நிலைமை தலைகீழ். வெயில் இல்லை, சூடான எலெக்ட்ரான்கள் வந்து மோதினால் உடல் எதிர்மின்னூட்டம் பெறும், சில சமயம் நூறு வோல்ட்டுக்கு மேலும் போகும். குளிர் அயனிகள் அத்தனையும் 100 எ.வோ. பெற்று உள்ளே பாயும். படத்தில் பளிச்சென்று ஒரு மெல்லிய கோடு விழும். முதல் முறை அதைப் பார்த்தபோது புதிய அயனிக்கூட்டம் என்றே நம்பி, ஒரு மாலை முழுக்க அதன் பின்னால் போனேன்.

படி 4: இரண்டு படங்களையும் ஒப்பிடுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. ஹைட்ரஜனிலும் ஆக்சிஜனிலும் கோடு ஒரே ஆற்றலில் இருந்தால் அது செயற்கைக்கோளின் மின்னழுத்தம்தான். இரண்டுக்கும் மின்னூட்டம் ஒன்றே என்பதால் கிடைக்கும் ஆற்றலும் ஒன்றே. ஆக்சிஜன் கோடு ஹைட்ரஜனுடையதைவிடச் சுமார் 16 மடங்கு மேலே இருந்தால் காரணம் வேகம்: ஒரே வேகத்தில் போகும் இரண்டில் நிறை 16 மடங்கானால் ஆற்றலும் 16 மடங்கு. அந்த வேகம் பிளாஸ்மா (அயனிகளும் எலெக்ட்ரான்களும் கலந்த வாயு) நகர்வதாலும் வரலாம், செயற்கைக்கோளே ஓடுவதாலும் வரலாம். பூமியின் மையத்திலிருந்து 3 புவி ஆரத் தொலைவில் ப்ரோப் வினாடிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் ஓடுகிறது. அதனால் மட்டுமே ஆக்சிஜனுக்கு ஒன்றிரண்டு எ.வோ. கூடுதலாகத் தெரியும், ஹைட்ரஜனில் அது கருவியின் எல்லைக்குக் கீழே போய்விடும்.

படி 5: மின்னழுத்தத்தையும் பக்கத்தில் வையுங்கள்

அப்புறம், அதே ப்ரோப்பின் மின்புலக் கருவியான இஎஃப்டபிள்யு தரும் செயற்கைக்கோள் மின்னழுத்தத்தையும் அதே நேர அச்சில் வரையுங்கள். அது ஏறி இறங்கும்போது அயனிக் கோடும் கூடவே நகர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது, அது மின்னழுத்தத்தின் வேலைதான். நகராமல் தன் இடத்திலேயே நின்றால் உண்மையான அயனிக்கூட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, ப்ரோப் பி அதே பகுதியைக் கடந்த தரவையும் எடுத்துப் பாருங்கள்.