தேரிக்குச் சைக்கிள் மிதிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை திருச்செந்தூர் பக்கமுள்ள காயாமொழியில் ஒரு டீக்கடையில் இரண்டு தம்பிகளைப் பார்த்தேன். பாளையங்கோட்டையிலிருந்து விடியுமுன் கிளம்பி, ஸ்ரீவைகுண்டம், நாசரேத் வழியாக, செம்மணல் மேடுகள் நிறைந்த தேரியைத் தாண்டி வந்திருக்கிறார்கள். "சராசரி 26 அண்ணே, மூச்சுக்கூட வாங்கல" என்று ஒருவன் செல்போனை நீட்டினான். இது ஆடி மாதம். எனக்கு ஆத்திரம் வந்தது. அவன் மேல் இல்லை, பத்து வருடத்துக்கு முன் அதே கடை வாசலில் அதே பேச்சைப் பேசிய என் மேல்.

தொப்பி போடு, தண்ணீர் எடு என்பதையெல்லாம் வீட்டிலேயே சொல்லி அனுப்பியிருப்பார்கள். அதை விட்டுவிடுகிறேன்.

முள்ளை விட்டுவிட்டு பஞ்சர் ஒட்டுவது

தேரி ஓரமெல்லாம் உடைமரம். அதன் வெள்ளை முள் டயரில் ஏறி ஒடிந்து, நுனி மட்டும் ரப்பருக்குள் நின்றுவிடும். டியூபை ஒட்டிக் காற்றடித்துக் கிளம்பினால் அரை மணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடியும் ஓட்டை. விரலால் தடவிப் பார்த்தால் பாதி நேரம் தட்டுப்படாது, தட்டுப்பட்டால் விரலில் ஏறும். கொஞ்சம் பஞ்சை எடுத்து டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு சுற்று தேய்த்துப் பாருங்கள். முள் இருக்கிற இடத்தில் பஞ்சு மாட்டிக்கொண்டு நிற்கும். நான் இதைக் கற்றுக்கொள்வதற்கு மூன்று டியூப் செலவானது.

காற்றைப் பார்க்காமல் கிளம்புவது

ஆனி, ஆடி, ஆவணி எங்கள் பக்கம் காத்தடி காலம். மலையிலுள்ள கணவாய்கள் வழியாக மேற்கிலிருந்து காற்று இறங்கும். முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகளை நட்டது இதை நம்பித்தான். தேரியின் செம்மணலை மேடு மேடாகக் குவித்ததும் காற்றுதான். நெல்லையிலிருந்து திருச்செந்தூர்ப் பக்கம் போவது கிழக்கே போவது. அதாவது, போகும்போது காற்று முதுகில்.

முதுகில் அடிக்கும் காற்று காற்றாகவே தெரியாது, மோசம் அங்கேதான். நீங்கள் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பின்னாலிருந்து வரும் காற்றும் 25 என்றால், சட்டைகூடப் படபடக்காது. இன்றைக்குக் காற்றே இல்லை, கால் நன்றாக ஓடுகிறது என்று தோன்றும். திரும்பும்போது 12-இல் தள்ளினாலும் முகத்தில் மோதுவது 37. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தடை நான்கு மடங்காகும் என்பதால், காற்றில்லாத நாளில் 20-இல் போகும்போது இருப்பதைப் போல மூன்று மடங்குக்கும் மேல். போதாக்குறைக்குக் காலையில் சாதுவாக இருப்பது பத்து மணிக்கு மேல்தான் எழும்பும். நீங்கள் திரும்புவதும் அப்போதுதான்.

எனக்கு நடந்தது ஆனி கடைசியில். மறுநாள் அக்கா மகளுக்குக் காதுகுத்து, நான் ஒரே தாய்மாமன். மூன்று மணிக்குள் வீட்டில் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். பன்னிரண்டு மணிக்குக் காயாமொழியை விட்டேன். தேரிக்குள் மணல் முழங்காலுக்குக் கீழே ஊசி ஊசியாகக் குத்தியது. இருப்பதிலேயே லேசான கியரில் போட்டும் வண்டி நின்று நின்று போனது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர், "காத்தடி காலத்துல மேக்க பாத்தா மிதிக்கிய தம்பி? பேசாம வண்டியில ஏத்திட்டுப் போங்க" என்றார். கேட்கவில்லை. ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழைத்தோட்டம் கொஞ்சம் மறைத்தது. அதைத் தாண்டியதும் மறுபடி வெட்டவெளி. கருங்குளத்தில் இருட்டிவிட்டது. அங்கிருந்து லோடு ஆட்டோதான்.

காசு போனது பெரிதில்லை. மறுநாள் சாஸ்தா கோயிலில் பிள்ளையை மடியில் வைத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். ஆசாரி ஊசியை வைக்கவும் என் கெண்டைக்காலில் குரக்களி பிடிக்கவும் சரியாக இருந்தது. நான் துள்ள, பிள்ளையும் துள்ளினாள். இன்றும் அவளுக்கு இடது காது ஓட்டை கொஞ்சம் கீழே இறங்கித்தான் இருக்கிறது. கம்மல் மாட்டும்போதெல்லாம் அக்கா அதைச் சொல்லாமல் விடுவதில்லை.

அதனால், ஓடுகிற சைக்கிளில் இருந்துகொண்டு காற்றை எடைபோடாதீர்கள். அரை மணிக்கொரு தடவை இறங்கி, வந்த திசையைப் பார்த்து ஒரு நிமிடம் நில்லுங்கள். பனை ஓலை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். ஒரே நாளில் திரும்பியாக வேண்டுமென்றால், முதலில் மேற்கே, களக்காடு பக்கம் போய், அசதியோடு வரும்போது காற்றை முதுகில் வாங்குங்கள். தேரிதான் வேண்டுமென்றால் திருச்செந்தூரில் தங்கி, மறுநாள் அதிகாலை நான்கு மணிக்குக் கிளம்புங்கள்.

இதைத்தான் அந்தத் தம்பிகளிடமும் சொன்னேன். ஒருவன் சிரித்தான். இன்னொருவன் எழுந்து போய் ரோட்டில் மேற்கு பார்த்து நின்றான். திரும்பி வந்து, திருச்செந்தூரில் ரூம் வாடகை எவ்வளவு இருக்கும் என்று கேட்டான்.

தார் ரோட்டில் கிடக்கும் மணல்

காற்று கொண்டுவந்து போட்டது. அதில் ஏறியபின் முன் பிரேக்கைத் தொடாதீர்கள், ஹேண்டிலையும் திருப்பாதீர்கள்.

செயினுக்கு எண்ணெய்

முந்தைய நாள் இரவே போட்டுத் துடைத்துவிடுங்கள். தேரிக்குள் போட்டால் மணல்தான் ஒட்டும்.

குறுக்குவழி

செல்போன் மேப்பில் தேரிக்கு நடுவே ஒரு கோடு தெரியும். கணுக்கால் புதையும் மணல் அது. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமென்றால் போங்கள்.