செடிக்குள் ஏறும் நீரைக் கண்ணால் காண்பது எப்படி?

செடியின் நீரை மேலே ஏற்றுவது வேரின் உந்துதல் அன்று, இலையின் இழுவிசையே என்பதை எவரும் ஒரே நாளில் சோதித்துப் பார்த்துவிடலாம். ஒளி ஊடுருவும் சதைப்பற்றான தண்டு கொண்ட காசித்தும்பைதான் இதற்கு மிகவும் ஏற்றது. ஒரே அளவுள்ள இரண்டு கிளைகள், இரண்டு கண்ணாடிக் குவளைகள், சிவப்பு உணவு நிறமி, கூரிய பிளேடு ஆகியவை போதும்.

வெட்டும் முறையில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். தண்டுக்குள் நீர் இழுவிசையுடன் நிற்பதால், காற்றில் வெட்டியவுடன் அந்த நீர்த்தொடர் அறுந்து, குழாய்களுக்குள் காற்று புகுந்துவிடுகிறது; குமிழி அடைத்த குழாயில் நிறம் ஏறாது. ஆகவே செடியிலிருந்து வெட்டிய கிளையின் அடிப்பகுதியை உடனே நீருக்குள் அமிழ்த்தி, நீருக்குள்ளேயே மேலும் 3 செ.மீ. அளவுக்குச் சாய்வாக வெட்டி நீக்குங்கள்.

பின்பு ஒரு கிளையில் இலைகளை அப்படியே விட்டு, மற்றதில் எல்லா இலைகளையும் கிள்ளி, காயங்களில் வாசலின் தடவுங்கள். இரண்டையும் அடர்ந்த நிறநீரில் நிறுத்தி, வெளிச்சமும் காற்றோட்டமும் உள்ள இடத்தில் வையுங்கள். சில மணி நேரத்தில் இலையுள்ள தண்டில் சிவந்த கோடுகள் மேலேறி இலை நரம்புகளை எட்டும். இலையற்றதில் நிறம் மிகக் குறைவாகவே ஏறியிருக்கும். வேரே இல்லாத கிளையில் நீர் ஏறுவதை நீங்கள் பார்க்கிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். இலைத்துளைகளின் வழியே நீர் ஆவியாகும்போது, ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருக்கும் நீர் மூலக்கூறுகளின் தொடர் முழுவதும் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது; 1894இல் அயர்லாந்து அறிவியலாளர்களான டிக்சனும் ஜாலியும் முன்வைத்த விளக்கம் இது. வேருக்கும் ஓரளவு அழுத்தம் உண்டு. விடியற்காலையில் புல்லின் நுனியில் நிற்கும் துளிகள் பல நேரங்களில் பனி அல்ல, அவ்வழுத்தம் வெளித்தள்ளிய நீரே.

தண்டைக் குறுக்கே மெல்லிய வில்லையாக அரிந்தால், சிவந்த புள்ளிகள் வளையமாகத் தெரியும். அவையே நீரை மேலே கொண்டுசெல்லும் சைலம் குழாய்கள். உயிரற்ற செல்களின் வெற்றுச் சுவர்களால் ஆனவை. நைட்ரேட், பொட்டாசியம் முதலிய சத்துகளும் இந்நீரில் கரைந்தே ஏறுகின்றன. ஆனால் அவற்றை மண்ணிலிருந்து உள்ளிழுக்க வேர் ஆற்றலைச் செலவிட வேண்டும், அதற்கு ஆக்சிஜன் வேண்டும். நீர் தேங்கிய மண்ணில் செடி மஞ்சளிப்பதற்கு இது ஒரு காரணம்.

இலையில் உருவான சர்க்கரையைக் கொண்டுசெல்லும் புளோயம் உயிருள்ள திசு என்பதால், அதைச் சோதித்துப் பார்க்க வேறு வழி வேண்டும். மரச்செடி ஒன்றின் பக்கக்கிளையில் 2 செ.மீ. அகலத்துக்கு, புளோயம் அடங்கிய பட்டையை மட்டும் வளையமாக உரித்துவிடுங்கள். உள்ளிருக்கும் கட்டை வழியே நீர் தொடர்ந்து செல்வதால் இலைகள் வாடாது. சில வாரங்களில், கீழிறங்க வழியின்றித் தேங்கிய உணவால் வளையத்தின் மேல்விளிம்பு பருத்துவிடும். இத்தாலிய அறிவியலாளர் மால்பிகி 17ஆம் நூற்றாண்டிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார். நடுத்தண்டில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. உணவு கிடைக்காத வேர்கள் பட்டினியால் மடிய, மரமும் பட்டுப்போகும்.